வள்ளியைப் பூட்டி வைத்த விடுமுறை

பிள்ளைகளே, ஒரு கோடை விடுமுறையில் நான் செய்த தப்பு இது. நானும் மனைவியும் தேயிலை எஸ்டேட் வேலைக்குப் போகும்போது, யானைக்குப் பயந்து, ஏழு வயது மகள் வள்ளியை தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம்.

ஒரு மாதம் கழித்துச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிறவள், பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

கைக்குழந்தையோடு பின்னால் வந்த பக்கத்து வீட்டுச் செல்வி கேட்டாள்: "ஏண்ணே, ஆட்டக்கூட காலையில அவுத்து விடுறோம். பிள்ளையப் பூட்டிப் போடுறீகளே? நான் வீட்டுலதான இருக்கேன், எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

மறுநாள் அவளைச் செல்வியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனோம். சாயங்காலம் வள்ளி முழங்காலில் சிராய்ப்போடு ஓடி வந்தாள். திட்ட வாயெடுத்தேன்.

"அப்பா, பசிக்குது" என்றாள்.

ஓடியாடாமல் அடைந்து கிடந்த அந்த ஒரு மாதமாக அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அவள் நன்மைக்காக இல்லை, என் பயத்துக்காகத்தான் அவளைப் பூட்டி வைத்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.