சின்னம்மாவின் பாட்டுக்குப் பொருள்

விசுவமடு வீட்டின் சமைக்கிற குசினி வாசலில் குந்தியிருந்து கச்சான் கடலை உடைத்தபடி சின்னம்மா பாடிய இரண்டு வரிகள் இன்னும் என் காதுக்குள் நிற்கின்றன.

"பூட்டாத வாசலிலே பொன்விளக்கு எரியுதடா,
தேரேறிப் போன மகன் திரும்ப வழி மறந்தானோ."

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, சின்னம்மா வீட்டில் தங்கி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கியம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உவமைக்குப் பிழையாக விளக்கம் எழுதும் பிள்ளைகளின் விடைகளைச் சிவப்புப் பேனாவால் சுழிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. சின்னம்மாவின் ஒரே மகன், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவன், சிநேகிதனோடு முல்லைத்தீவுக் கடலுக்குத் தொழிலுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. படகும் வரவில்லை, உடலும் வரவில்லை.

சித்தப்பா அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிட நினைத்தார். பிள்ளையின் ஆத்மா அலையக் கூடாது என்ற பயம் அவருக்கு. ஆனால் பெற்றவள் ஒப்பாரி சொல்லி அழாத சாவுக்கு எப்படிக் கிரியை செய்வது? அவர் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தப் பாட்டு தொடங்கியது. ஒருநாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ தமிழ் படிப்பிக்கிறனி. அவள் பாடுறது தாலாட்டோ ஒப்பாரியோ எண்டு கேட்டுச் சொல்லு. ஒப்பாரி எண்டால் நான் குருக்களிட்டைப் போறன்."

இதென்ன பெரிய கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒப்பாரியில் தேர் என்றால் பாடை. எங்கள் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் தாலாட்டிலும் பிள்ளை ராசாவாகத் தேரில்தானே போகிறான்? விளக்கு சாவீட்டிலும் எரியும். கதவைப் பூட்டாமல் விட்டு ஏற்றி வைப்பதோ வரப்போகிறவனுக்கு. சரி, ராகத்தை வைத்துப் பிடிப்போம் என்று காது கொடுத்தேன். காலையில் அழுகையாகக் கேட்டது, பின்னேரம் சுளகில் கச்சான் புடைக்கும்போது கொஞ்சலாகக் கேட்டது. குழம்பிப் போனேன். சித்தப்பா தினமும் என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். தம்பி செத்தானா இல்லையா என்று நானா தீர்ப்புச் சொல்வது?

பொறுக்க முடியாமல் சின்னம்மாவிடமே கேட்டேன். "என்ன நினைச்சு உந்தப் பாட்டைப் பாடுறியள், சின்னம்மா?"

கச்சான் உடைத்த கை நின்றது.

"உன்னட்டைத்தான் கேக்க இருந்தனான், பிள்ளை. வாய் தன்ரபாட்டிலை பாடுது. நீ படிச்சனி, நீ சொல்லு. அவன் செத்துப்போனான் எண்டோ நான் பாடுறன்?"

"எனக்குத் தெரியேல்லை, சின்னம்மா."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப அதையே சித்தப்பாட்டைப் போய்ச் சொல்லு. படிச்ச பிள்ளைக்கே தெரியேல்லையாம் எண்டு."

சொன்னேன். சித்தப்பா குருக்களிடம் போகவில்லை.

இன்று அவர்கள் இருவருமே இல்லை. தம்பிக்கு இன்னும் அந்தியேட்டி நடக்கவில்லை. அவனுக்கென்று இருப்பது நானும் என் மகனும்தான்.

"மாமாவுக்கு இந்த வருசமாவது அந்தியேட்டி செய்வமோ, அம்மா? உங்களுக்கு இன்னுமோ சந்தேகம்?" என்று போன கிழமையும் மகன் கேட்டான்.

சந்தேகமெல்லாம் இல்லை. தம்பி கடலோடு போய்விட்டான், எனக்குத் தெரியும். ஆனாலும் சின்னம்மா அழாத சாவுக்கு ஓம், செய்வம் என்று சொல்ல வாய் வரவில்லை.