எக்ஸ்பிரஸுக்காக நின்ற கதவு

என் தாய்மாமன் தானாகத் திறக்கும் கதவுகளைப் பொருத்துகிறவர். வங்கி, மருந்துக்கடை, நூலகம் என்று ஊரில் பாதிக் கதவுகள் அவர் கைபட்டவை. கதவை மாட்டியதும் மற்றவர்கள் ஒருமுறை உள்ளே போய் வந்து பெட்டியைக் கட்டிவிடுவார்கள். மாமாவின் கூத்து அதற்கப்புறம்தான் தொடங்கும். ஊன்றுகோலோடு கூனிக்கொண்டு போவார். தவழ்வார். தள்ளுவண்டி தள்ளுவார். பின்பக்கமாக நடப்பார். ஒருமுறை போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நுழைந்தபோது வங்கிக் காவலாளி விசிலை ஊதிவிட்டார்.

"எதுக்கு மாமா இத்தனை வேஷம்?"

"கதவை வாங்குறது ஒருத்தன்டா, நுழையுறது ஊரு. எல்லாரும் அவனை மாதிரியே நடப்பாங்களா?"

பள்ளியில் வகுப்புக்குள் இருந்ததைவிட வாசலில் நின்றதுதான் எனக்கு அதிகம். ஆகவே கதவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு.

என் தங்கை கால்களில் கம்பி கட்டி, இரண்டு கைத்தடிகளோடு நடப்பவள். நத்தைகூட அவள் பின்னால் வந்து ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லும். நான் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். பழைய பிசியோதெரபி நிலையத்தில் படிகள் இருந்ததால் அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவாள். புதுக் கட்டடத்தில் படி இல்லை. கதவும் மாமா பொருத்தியது.

"இனிமே யாரும் என்னைத் தூக்க வேணாம்" என்று வீட்டிலேயே அறிவித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வாசல் நடுவில் மூச்சு வாங்க நின்றாள். கதவு சற்றுப் பொறுத்தது. பிறகு மூடிக்கொண்டு வந்து கைத்தடியை இடித்தது. தடி நழுவ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி எதுவும் இல்லை. ஆனால் கையை நீட்டி, "தூக்கும்மா" என்றாள்.

அடுத்த வாரம் வரவே மாட்டேன் என்றாள். "அந்தக் கதவுக்கு என்னைப் பிடிக்கல."

மாமா அன்றே கருவிப் பெட்டியோடு போனார். நானும் ஏணி பிடிக்கப் போனேன். நிலையத்தின் மேலாளர் நல்ல மனுஷி. "பாப்பா வரும்போது நம்ம ஆளு ஒருத்தர் புடிச்சுக்கட்டுமே அண்ணே" என்றார்.

"புடிக்க ஆள் வேணும்னா இது எதுக்கு மேடம் தானா திறக்கணும்? தப்பு என்னுது. ஒருத்தர் அசையாம நின்னா, கொஞ்ச நேரத்துல இந்த சென்சார் அதை ஆளே இல்ல, பூந்தொட்டின்னு முடிவு பண்ணிடும். வாசல்ல யாராவது தொட்டியை வச்சுட்டா கதவு திறந்தே கிடக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"நீங்கதான் எல்லா வேஷமும் போட்டுப் பாத்தீங்களே?" என்றார் மேலாளர்.

"போட்டேன். ஒண்ணுலயும் நிக்கல."

எப்படி நிற்பார்? சாப்பிடும்போதே காலாட்டுகிற மனிதர். தூக்கத்திலும் அவர் நடந்துகொண்டுதான் இருப்பார் என்பாள் அம்மா.

காத்திருக்கும் நேரத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினார். மேலாளர் தயங்கினார். "ஏசி குளிரெல்லாம் வெளிய போயிடுமே?"

"குளிரு போனா திரும்ப வரும் மேடம். அவ போனா வரமாட்டா."

மேலாளர் கதவைப் பார்த்தார். "சரி, போற குளிர் போகட்டும்."

பிறகு மாமா வாசல் நடுவில் போய் நின்றார். சும்மா நின்றார். நான் அவர் காதில் ஒரு இலையைச் செருகி, "தொட்டிக்குத் தண்ணி ஊத்தவா?" என்று கேட்டேன். உதடு துடித்தது, ஆள் அசையவில்லை. கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டு வந்த பிறகுதான் என் முதுகில் ஒன்று வைத்தார்.

வீட்டுக்கு வந்து தங்கையின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "எனக்கு ஒழுங்கா நிக்கத் தெரியல பாப்பா. உன் அளவுக்கு நிக்கத் தெரிஞ்ச ஆளு ஊர்லயே இல்ல. வந்து பாத்துச் சொல்லு."

"மறுபடி விழுந்தா?"

"பக்கத்துலயே படுத்துக்கிறேன். என் மேல விழு."

சிரித்துவிட்டாள். அப்போதே பாதி ஜெயித்தாகிவிட்டது.

மறுநாள் அவள் வாசல் நடுவில் போய் நின்றாள். மூச்சு வாங்கி முடிந்த பிறகும் வேண்டுமென்றே நின்றாள். தலையைத் தூக்கிக் கதவை முறைத்தாள். பின்னால் கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்து, அவரும் அவசரமில்லாமல் நின்றுகொண்டார்.

"இன்னும் நிக்குது மாமா."

"நிக்கும்."

"நான் நாளைக்கு வரைக்கும் நின்னா?"

"சாப்பாடு கொண்டுவந்து தரேன்."

அவள் உள்ளே போனாள், எக்ஸ்பிரஸ் வேகத்தில். தூக்குவதற்காக நீட்டியிருந்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். அன்றைக்கு அந்த வலிகூட நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வந்த விடுமுறைகளில் எல்லாம் மாமா பழைய கதவுகளைத் தேடிப் போனார். வங்கி, மருந்துக்கடை, நூலகம். யாரும் கூப்பிடவில்லை. போய், கேட்டு, மாற்றிவிட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் பூந்தொட்டியாக நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இப்போது வங்கிப் பக்கம் போனால் நானும் வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறேன். காவலாளி திட்டுவார். கதவு பொறுமையாகக் காத்திருக்கும். மாமாவிடம் நன்றி என்று சொன்னால் "காய்ச்சலாடா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அதனால் கதவிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.