காதுக்குப் பின்னால் எடுக்காத படம்

சண்டைக்காலத்தில் மன்னார்த் தீவின் சிறிய அரச மருந்தகம் ஒன்றில் உதவி வைத்தியராக இருந்தேன். தோல் நிபுணர் கொழும்பில் இருந்தார். அங்கே போக ஆமியிடம் பயண அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டும். பாதையும் திறந்திருக்க வேண்டும். ஆகவே நோயாளிக்குப் பதிலாகப் படத்தை அனுப்பினோம். ஸ்டூடியோக்காரர் எடுப்பார், புண்ணின் அளவு தெரிய நான் பக்கத்தில் அடிமட்டம் பிடிப்பேன். கடிதத்தோடு மருந்து லொறியில் போகும். பதில் வர ஒரு மாதம், சிலவேளை இரண்டு.

கீரிக் கிராமத்தைச் சேர்ந்த செபமாலை பிறவியிலேயே தோலில் நிறமில்லாதவர். முடியும் இமையும்கூட வெள்ளை. கடற்கரையில் கருவாடு காயவைப்பது தொழில். அப்படிப்பட்ட தோலில் வெயிலால் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய முகத்தையும் கைகளையும் படமெடுத்து அனுப்பினேன். மூன்று முறையும், "வெயில் சுட்ட புண், பயமில்லை" என்றே பதில் வந்தது.

பிறகு ஒருமுறை பாதை திறந்தபோது நிபுணரே மன்னாருக்குக் கிளினிக் நடத்த வந்தார். செபமாலையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"தலையிலை கட்டின துவாயைக் கழட்டுங்கோ," என்றார் நிபுணர்.

"வேண்டாம் ஐயா. சனம் சிரிக்குமெண்டு சின்னனிலையிருந்து கட்டுறனான்."

"இஞ்சை ஆர் சிரிக்கிறது? கழட்டுங்கோ."

வலது காதுக்குப் பின்னால் விளிம்பு தடித்த புண் ஒன்று இருந்தது. நிபுணர் அதை விரலால் அழுத்தினார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு காலமா இருக்கு?"

"ஒரு வருசம் இருக்கும். நோகேல்லை. துவாய் உரஞ்சினது எண்டு விட்டிட்டன்."

நிபுணர் என் பக்கம் திரும்பினார். "இதின்ரை படம் எங்கை?"

"எடுக்கேல்லை டொக்டர். அவர் காட்டேல்லை. நானும் கேக்கேல்லை."

அவர் ஏசவில்லை. புற்றுநோயாகத்தான் இருக்கும், உடனே கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாஸ் கிடைக்க ஒன்பது நாள் எடுத்தது. ஒவ்வொரு நாளும் நானே ஆமி முகாம் வாசலில் போய் நின்றேன். கொழும்பில் காதில் பாதியை வெட்டினார்கள். கழுத்துக்குப் பரவவில்லை. செபமாலை பிழைத்தார்.

படம் அனுப்புவதை நாங்கள் நிறுத்தவில்லை. வெட்டிய இடம் ஆறியதைப் படத்திலேயே பார்த்து, "இப்ப வரத் தேவையில்லை" என்று நிபுணர் எழுதினார். இன்னொரு பாஸுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகு படம் நன்றாகவே உதவியது.

அடுத்ததாகச் செபமாலையின் தங்கை ரெஜினா வந்தார். அவருக்கும் அதே தோல். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, முதுகைத் தவிர மற்றெல்லாம் பார்த்தேன். அன்று பெண் தாதி லீவு. முதுகைக் காட்ட ரெஜினா கூச்சப்பட்டார். கடிதத்தின் கடைசியில், "முதுகு பார்க்கவில்லை" என்று எழுதினேன்.

இம்முறை பதில் ஒரே வரியில் வந்தது: "முதுகைப் பார்த்துவிட்டு எழுதவும்."

தாதி பார்த்தார். தோள்பட்டைக்குக் கீழே பயறளவில் ஒன்று இருந்தது. படம் எடுக்கவில்லை, ஆளையே அனுப்பினோம். சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஓய்வு பெறும்வரை, பார்த்த இடங்களை எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் பார்க்காத இடங்களையும் எழுதினேன்.