வக்கீலின் லேப்டாப்புக்கு ஒரு கெர்னல்

போன வாரம் திண்டிவனம் கோர்ட் வராண்டாவில் ஒரு லேப்டாப் பேச மறுத்துவிட்டது.

பேசுவதா லேப்டாப்பின் வேலை என்று கேட்பீர்கள். இந்த லேப்டாப்புக்கு அதுதான் வேலை. வைத்திருப்பவர் வக்கீல் சவரிமுத்து. சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். திரையில் இருக்கும் எழுத்தை ஒரு மென்பொருள் குரலாக்கி அவருக்குச் சொல்லும். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது நீதிபதிக்கு... இப்படித்தான் அவர் வழக்கு நடத்துகிறார்.

அன்று அவருடைய கட்சிக்காரர் கிளியனூர் குப்பம்மாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கும் தன் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்பது வழக்கு. வாய்தாவுக்கு வராமல் நழுவிக்கொண்டே இருந்த எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவர் அன்றுதான் வந்திருந்தார். அவர் ஏற்கனவே தாக்கல் செய்த வாக்குமூலம், அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் — எல்லாம் அந்த லேப்டாப்பில்.

வேறு வேலையாக விழுப்புரத்திலிருந்து போயிருந்த நான், நண்பர் என்ற முறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“சார், ஸ்கிரீன்ல வெளிச்சம் இருக்குதா?” என்றார்.

“இருக்குதுங்க. எல்லாம் நல்லா தெரியுது.”

“உங்களுக்குத் தெரியுது. எனக்கு ஒண்ணும் வரலையே!”

அந்தப் பக்கமாகப் போன எதிர்த்தரப்பு வக்கீல் நின்றார். “இன்னா சவரி, பொட்டி மௌன விரதமா?”

“ஆமாண்ணே. உங்க சாட்சியப் பாத்ததும் வாயடைச்சுப் போச்சு.”

பதில் கொடுத்துக்கொண்டே, கீ ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். குப்பம்மாள் குனிந்து மெதுவாகக் கேட்டார்: “பொட்டி பேசலன்னா இன்னொரு வாய்தா வாங்கிக்கலாங்களா?”

“இந்தாளு இன்னைக்குத்தாம்மா சிக்கியிருக்காரு. விட்டா மறுபடி எந்த ஊருல போய் உக்காந்துக்குவாரோ!”

லேப்டாப் ஏன் ஊமையானது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிரான்சில் இருக்கும் அக்கா அவருக்கு வாங்கிவந்த லேப்டாப் அது. எடை குறைவு. ஒருமுறை சார்ஜ் போட்டால் கோர்ட் கலையும்வரை தாங்கும். ஆனால் உள்ளே இடம் குறைவு. விண்டோஸ் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் திணறி, ஒருநாள் படுத்தேவிட்டது. என் மனைவியின் தங்கை செல்வி, மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள், விண்டோஸுக்குப் பதிலாக அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தாள். வேகமாக ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு குறை. இவருக்கு?

கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. கணினிக்குள் ஒவ்வொரு பாகத்துக்கும் வேலை சொல்லும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸோடு வந்த மேஸ்திரிக்கு இந்த லேப்டாப்பின் ஒலிச் சிப்பை எப்படி வேலை வாங்குவது என்று தெரியவில்லை. லினக்ஸில் ஒரு வசதி — மேஸ்திரியை நாமே திருத்திக்கொள்ளலாம். எங்கோ ஒரு நாட்டில் யாரோ எழுதி இணையத்தில் போட்டிருந்த திருத்தத்தைச் சேர்த்து, புதிய கெர்னல் ஒன்றைத் தயாரித்தாள் செல்வி. சத்தம் வந்தது... வைஃபை போய்விட்டது. மறுபடி தயாரித்தாள். வைஃபை வந்தது, டச்பேட் செத்துவிட்டது.

“டச்பேட் போனா போவுது, வுடும்மா. நான் அதத் தொடுறதே இல்ல” என்றார் சவரிமுத்து. அதோடு வேலை முடிந்தது.

முடிந்ததும் செல்வி ஒரு காரியம் செய்தாள். லேப்டாப் கிளம்பும்போது, எந்தக் கெர்னலில் கிளம்ப வேண்டும் என்று கேட்டு ஒரு மெனு வந்து சில விநாடிகள் நிற்கும். அதை வராமல் செய்துவிட்டாள். “உங்களுக்கு எதுக்குண்ணா மெனு? பாக்கவா போறீங்க?” அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நேரம் மிச்சம்தானே!

வராண்டாவிலிருந்து செல்விக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். வகுப்பை விட்டு வெளியே வந்து பேசினாள்.

“மாமா, அண்ணன் அப்டேட் எதனா போட்டாரா?”

“முந்தாநேத்து போடட்டுமான்னு கேட்டுது. சரின்னேன். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் ஆன் பண்றேன்” என்றார் சவரிமுத்து.

விஷயம் புரிந்துவிட்டது. அப்டேட்டோடு புதிய கெர்னல் ஒன்று வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. செல்வி தயாரித்தது பின்னால் பத்திரமாக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க மெனு வேண்டும். மெனுவைத்தான் மறைத்தாகிவிட்டதே!

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா. கம்பெனி லோகோ மறையும்போது எஸ்கேப் கீயை ஒரே ஒரு வாட்டி தட்டணும்.”

தட்டினேன். தாமதம்; ஊமைக் கெர்னலே கிளம்பிவிட்டது. மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணித் தட்டினேன். பதற்றத்தில் கூடுதலாகத் தட்டிவிட்டேன். மெனுவைத் தாண்டிப் போய், கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வார்த்தை மட்டும் நின்றது. உள்ளே எங்கள் வழக்குக்கு முந்தின வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“சார், நகருங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் தட்டுறேன்” என்றார் சவரிமுத்து.

லோகோ மறைந்தது. “இப்ப!” என்றேன். தட்டினார். மெனு வந்தது. செல்வி போனில் சொல்ல, நான் திரையைப் படிக்க, அவர் அம்புக்குறியை அமுக்க... சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது. இயர்போனிலிருந்து கீச்சுக்குரல் கசிந்தது.

“பேசுதும்மா” என்றார், குப்பம்மாள் இருந்த பக்கம் திரும்பி.

உள்ளே, சாட்சிக் கூண்டுக்கு முன்னால் நின்று நிதானமாகக் கேட்டார்: “வாக்குமூலத்துல நாலாவது பாராவுல, அந்த வழியாத்தான் எரு வண்டி ஓட்டுனதா சொல்லியிருக்கீங்க. ஒன்பதாவது பாராவுல, அங்க வழியே இருந்ததில்லன்னு சொல்றீங்க. உங்க வண்டி எப்படிங்க போச்சு?”

சாட்சி திரும்பித் தன் வக்கீலைப் பார்த்தார். அவர் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் சாட்சி சொன்னதும், சொல்லாமல் நின்றதும் பதிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை செல்வி திண்டிவனம் வந்தாள். அப்டேட் தன் கெர்னலைத் தள்ளிவிடாதபடி பூட்டுப் போட்டாள்.

“பூட்டு இருக்கட்டும். அந்த மெனுவைத் திரும்ப வை” என்றார் வக்கீல்.

“உங்களால பாக்க முடியாதேண்ணா...”

“பக்கத்துல இருக்கறவங்க பாப்பாங்க இல்ல? எந்தக் கீயை எத்தினி வாட்டி அமுக்கணும்னு சொல்லிக்குடு. யாரும் இல்லாத அன்னைக்கு நானே அமுக்கிக்கிறேன்.”

செல்வி லேப்டாப்பை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நல்லது செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. யாருக்குச் செய்கிறோமோ அவருக்கு எது தேவைப்படாது என்று அவரைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறோம். சேர்ந்து சிரித்ததால் எனக்கும் இதில் பங்கு உண்டு.

மெனுவை மீண்டும் கொண்டுவந்தாள். அவர் நிதானமாக அமுக்க நேரமும் வைத்தாள். பிறகு தயங்கினாள்: “ஆன் பண்ணதும் அரை நிமிஷம் சும்மா நிக்கும்ணா. பேஜாரா இருக்காது?”

“வாய்தா வாய்தாவா நின்னுக்கினு கெடக்குறவன்மா நானு. அரை நிமிஷம்லாம் எனக்கு ஜல்தி!”