முந்தக் கூடாத பந்தயம்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்றே பேர். போர்ட் பிளேரில் நான், சௌல்தாரியில் பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணன், தீவுக்கூட்டத்தின் தெற்குக் கோடியில் கேம்பல் பேயில் ஒரு தம்பி. ஆளுக்கொரு பழைய மோட்டார் சைக்கிள், மூவருக்கும் ஒரே பைத்தியம். வண்டியை வீட்டிலேயே கழற்றுவோம், வீட்டிலேயே மாட்டுவோம், மாட்டி முடித்த பிறகும் மிச்சமாகத் தரையில் கிடக்கும் போல்ட்டைப் படம் எடுத்துப் போட்டு, "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

ஊரில் மெக்கானிக் இல்லாமல் இல்லை. ஆனால் பார்ட்ஸ் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதமானால் மெக்கானிக்கும் நம்மைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தபடி நிற்பார். அதைப் பார்ப்பதற்கு எதற்குக் கூலி கொடுக்க வேண்டும்? எனவே பழைய டியூப் ரப்பர், தேய்ந்த செருப்பு, பிஸ்கட் டின் தகரம் என்று கையில் கிடைத்ததை வெட்டி ஒட்டிச் சமாளித்தோம். அதில் ஒரு திமிரும் எங்களுக்கு இருந்தது, மறைப்பானேன்.

இன்னொரு பைத்தியம் பந்தயம். எங்கோ குளிர்ந்த கடலின் நடுவே ஒரு தீவு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை அங்கே ஊர்ச்சாலையை மூடிவிட்டு பைக் பந்தயம் விடுகிறார்கள். தனி மைதானம் கிடையாது. வீட்டுச் சுவர், தபால் பெட்டி, டீக்கடை வாசல் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு பறப்பார்கள். அதுவும் தீவு, நம்முடையதும் தீவு. அந்த ஒரு ஒற்றுமையை வைத்துக்கொண்டு, ஏதோ எங்கள் பங்காளி வீட்டு விசேஷம் போல நாங்கள் கொண்டாடுவோம்.

கேம்பல் பே தம்பிக்கு நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று அவனுக்கே தெரியாது. படம் ஓடவே ஓடாது. எனவே நான் லேப்டாப்பில் பார்த்து, சுற்றுக்குச் சுற்று தொண்டை கிழியக் கத்தி வாய்ஸ் அனுப்புவேன். அவையெல்லாம் அவனுக்குப் போய்ச் சேர்ந்து, அவன் கேட்டு முடித்து, "அரே! ஜெயிச்சுட்டானா!" என்று அலறல் திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் ஜெயித்தவன் பெயரைக் குழுவில் எழுதக் கூடாது. இது எங்கள் சட்டம். சில சமயம் பந்தயம் முடிந்து, நான் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகு அந்த அலறல் வரும். அப்போதும் எனக்கு மறுபடி ஒரு தடவை உடம்பு சிலிர்க்கும்.

இந்தக் கூத்தையெல்லாம் என் மனைவி அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருக்க வழியில்லை. வீடு அவ்வளவுதான்.

என் வண்டி, மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கியது. கிக்கரை உதைத்துக் கிளப்புகிற வகை. ஓடும்போது ராஜா, ஆனால் மழை பெய்தால் டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி, பெட்ரோலோடு கலந்து, நினைத்த இடத்தில் நின்றுவிடும். பாத்துபஸ்தி மேட்டில் பட்டுப் புடவையோடு அவள் அதைத் தள்ளியிருக்கிறாள். ஒரு தடவை அவளுடைய ஆபீஸ் வாசலிலேயே நின்றது. உள்ளேயிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அன்று இரவு எனக்குத் தனி ரசமும் தனி மௌனமும் கிடைத்தன.

மாயாபந்தரில் அவள் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. பஸ்ஸில் போகலாம் என்றாள். பைக்கில் போகலாம் என்றேன். வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அவள் கையைக் கட்டிக்கொண்டு தீர்ப்பு சொன்னாள்.

"சரி, வர்றேன். ஆனா வழியில ஒரு தடவ நின்னுச்சுன்னா, ஒரே ஒரு தடவ, வண்டிய மாயாபந்தர்லயே வித்துட்டுத்தான் திரும்பணும். தங்கச்சி வீட்டுக்காரரு ஆபீஸ்ல ஒருத்தர் பழைய வண்டி தேடிட்டு இருக்காராம். பேசி வச்சுட்டேன்."

பேசியே வைத்துவிட்டாளாம்! ஆனாலும் வீராப்பாகச் சரி என்று சொல்லிவிட்டேன்.

குழுவைக் கூட்டினேன். கேம்பல் பே தம்பிக்கு நான் 'பையா', இந்தியில் அண்ணன்; எதைக் கேட்டாலும் ஒரே மருந்துதான் சொல்வான். "பையா, கார்பரேட்டர சாஃப் பண்ணு. பாக்கியெல்லாம் டீக் ஹோ ஜாயேகா, சரியாயிரும்." சௌல்தாரி அண்ணன் நிதானமான மனிதர். டேங்க் மூடிக்கு அடியில் டியூப் ரப்பரை வளையமாக வெட்டிப் போடு, நீண்ட பயணத்தில் மழை பிடித்தால் விளிம்பில் சிலிக்கான் பேஸ்ட் தடவு, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று வாய்ஸ் அனுப்பினார்.

அந்த வாய்ஸை நான் அடுக்களை மேடையில் போனை வைத்துக் கேட்டேன். அங்கேதான் மூடியை வைத்து ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "பேஸ்ட் தடவுறப்ப ஒரு விஷயத்த மட்டும் மறந்துறாத தம்பி," என்று அண்ணன் சொல்லத் தொடங்கினார். அதே நேரம் கூடத்தில் லேப்டாப் அலறியது. அன்றைக்குப் பந்தயத்தின் கடைசிச் சுற்று! போட்டது போட்டபடி ஓடினேன். போன் மேடையிலேயே பேசிக்கொண்டிருந்தது.

புறப்பட்ட நாளில் விடியும் முன்பே ஜிர்காடாங் போய்ச் சேர்ந்துவிட்டோம். அதற்கு மேல் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக, வண்டிகளை அங்கே வரிசையில் நிறுத்தி, குறித்த நேரத்துக்கு மொத்தமாக அனுப்புவார்கள். முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒன்று. நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வேகமாகப் போகக் கூடாது, ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. கார்ப் பந்தயத்தில் விபத்து நடந்தால் சேஃப்டி கார் என்று ஒன்றை முன்னால் விடுவார்கள், அது விலகும்வரை யாரும் முந்தக் கூடாது. எங்கள் குழுவில் அந்தப் போலீஸ் வண்டிக்கு சேஃப்டி கார் என்றே பெயர். எங்களுடையது கடைசிவரை விலகவே விலகாது. பறக்கிற பந்தயத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் எங்களுக்கு வாய்த்த சாலை இதுதான்.

இருந்தும் எனக்கு ஒரே பரபரப்பு. லாரி, டூரிஸ்ட் வேன், எனக்கு நேர் முன்னால் மாயாபந்தர் பஸ். இன்ஜின் சத்தங்கள், டீசல் வாசனை, பூரிக்கடைப் புகை. "கிரிட்ல நிக்கறேன்!" என்று, பந்தயம் தொடங்கும் கோட்டில் நிற்பவன் போலக் குழுவில் வாய்ஸ் போட்டேன்.

அப்போது தூறல் விழுந்தது. நான் விடுவேனா? சட்டைப் பையிலிருந்து பேஸ்ட் குழாயை எடுத்தேன். மூடியைத் திறந்து, கேக்குக்கு கிரீம் பூசுகிற மாதிரி அடிப்பக்கம் முழுக்க அப்பி, இறுக்கி மூடினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அத அப்பிடி முழுசா அப்பக் கூடாது..."

"இதெல்லாம் உனக்குத் தெரியாது. நீ பைய நனையாமப் பாத்துக்க."

வளையல் பை அவள் மடியில் இருந்தது. அவள் ஒரு விநாடி என்னையே பார்த்தாள். பிறகு பையை அணைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

கேட் திறந்தது. வரிசை நகர்ந்தது. இரண்டு பக்கமும் காடு ஓங்கி நின்றது. சாலை ஈரத்தில் மினுங்கியது. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பஸ்ஸின் பின்சக்கரம் சேற்றை என் முகத்தில் வாரி இறைத்தது, அதுகூட இனித்தது. "பாத்தியா சத்தத்த? பாத்தியா?" என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். "ரோட்டப் பாருங்க," என்றாள்.

பாதி வழி தாண்டியிருக்கும். ஒரு மேட்டில் வண்டி லேசாகத் தும்மியது.

ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தும்மல். பெட்ரோல் குழாயைத் தட்டினேன், திருப்பினேன், சோக்கை இழுத்தேன். எதற்கும் மசியவில்லை. முன்னால் பஸ் மெல்ல விலகத் தொடங்கியது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். இங்கே நின்றால் பின்னால் வருகிற அத்தனை வண்டிகளும் நிற்கும். போலீஸ் வருவார்கள், திட்டுவார்கள், ஏதாவது லாரியில் என் வண்டியை ஏற்றுவார்கள். மாயாபந்தரில் அந்த மனிதர் காத்திருப்பார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நின்னுரும்போல இருக்கே," என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

பின்னால் அவள் வளையல் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வண்டி குலுங்கியது. இழுத்தது, விட்டது. கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை முறுக்கினேன், உறுமலுக்குப் பதில் விக்கல் வந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்த நேரத்தில் என் இடது கைக்கு அடியில் வேறொரு கை நீண்டது. வளையல் கை. அது நேராக டேங்க் மூடிக்குப் போனது. கட்டைவிரலை விளிம்பில் கொடுத்து நெம்பியது. உள்ளே காற்றில்லாமல் மூடி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவள் பல்லைக் கடித்தது என் காதருகே கேட்டது. இன்னொரு நெம்பு. "புஸ்ஸ்" என்று டேங்க் பெருமூச்சு விட்டது, பாருங்கள், அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்!

இரண்டு விக்கல், ஒரு இருமல். பிறகு வண்டி திமிறிக்கொண்டு முழுத் தொண்டையில் பாடியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அந்தக் காட்டில் கத்தக் கூடாது என்பதும் நினைவில்லை. அவள்தான் முதுகில் ஓர் அடி வைத்தாள். விட்டுப்போன தூரத்தைப் பிடித்து மறுபடி பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். சாலை முடிகிற வரை அவள் கை அந்த மூடியை அரை விரல்கடை தூக்கிப் பிடித்தபடியே இருந்தது. பெட்ரோல் தெறித்து என் பேண்ட் நனைந்தது. நனையட்டும்!

காடு முடிகிற இடத்தில் கடல் குறுக்கே வரும். வண்டிகளை வாகனப் படகில் ஏற்றி பாராடாங் கரைக்குக் கொண்டுபோவார்கள். சரிவில் இறங்கிப் படகில் ஏறினோம். படகுக்காரர் கையை ஆட்டினார். "காடி பந்த் கரோ!" இன்ஜினை அணைத்தேன்.

"வண்டி நின்னுருச்சு," என்றாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"ஏய், இது நான் நிறுத்தினது! அவர்தான் அணைக்கச் சொன்னாரு! எல்லா வண்டியும்தான் நிக்குது, பாரு!" என்று நான் பதறிய பதற்றத்தில் பக்கத்து வேன்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் அவள் சிரித்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

மூடியைக் கழற்றிக் காட்டினாள். அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை. என் பேஸ்ட் அதை அழகாக அடைத்திருந்தது. "மூச்சு விடுற ஓட்டைய அடச்சுறாத தம்பின்னு அண்ணே அன்னைக்கே சொன்னாரு. நீங்க ரேஸ் பாக்க ஓடிட்டீங்க. எண்ணெய் டின்னுல ரெண்டு ஓட்டை போட்டாத்தானே எண்ணெய் இறங்கும்? காத்து போகாட்டி பெட்ரோல் எப்படி இறங்கும்?" தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜிர்காடாங்கிலேயே அவளுக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். வண்டி நின்றிருக்கும், பேசி வைத்த ஆளிடம் போயிருக்கும், அவள் ஜெயித்திருப்பாள்.

"ஏன் திறந்த?" என்று கேட்டேன். "விட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே."

அவள் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "விட்டுறலாம்னுதான் உக்காந்திருந்தேன். மொத தும்மல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அது மூச்சு முட்டித் தவிக்குது, என்னன்னு எனக்குத் தெரியுது, எப்படிங்க கைய வச்சுட்டு சும்மா இருக்கறது? நீங்க மூணு பேரும் கத்தறத தினமும் கேட்டுக்கேட்டு, அடுக்களையில நின்னு நானும்தானே இந்த வண்டிய ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன்?"

வெட்கமாகவும் இருந்தது, தலைகால் புரியாத சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாளும் குழுவில் மூன்று பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே!

பாராடாங் கரை நெருங்கியது. சிக்னல் வந்ததும் போன் துள்ளியது. கேம்பல் பே தம்பியின் குரல், ஜிர்காடாங்கில் நான் போட்ட வாய்ஸுக்கு இப்போதுதான் பதில். "பையா, எதுக்கும் கார்பரேட்டர ஒரு தடவ சாஃப் பண்ணிரு!" அவள் போனைப் பிடுங்கி, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். "கார்பரேட்டர்ல ஒண்ணுமில்ல தம்பி. மிச்சத்த சௌல்தாரி அண்ணேகிட்ட கேளுங்க, அவர் சொன்னத உங்க பையா கேக்கல."

படகு கரையைத் தொட்டது. பஸ் முதலில் இறங்கி, உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. நான் கிக்கரை உதைத்தேன். ஒரே உதை. அவள் வளையல் பையைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள், என் தோளைப் பிடித்தாள், எட்டி அந்தப் பஸ்ஸைப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கேருந்து முந்தலாம்ல?"