அர்த்தம் சொன்னால்தான் கட்டை நிற்கும்

"அர்த்தம் சொல்லு, இல்லேன்னா கட்டையை எடு!" என்று பல்செட் அக்கா கையை நீட்டிவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் அசரவில்லை. "கூரைக்குப் போடற கல்பலகையை வெட்டி ஓட்டை போடற கருவி. பேரு ஜாக்ஸ். போதுமா அண்ணி?" அக்கா கையை மடக்கிக்கொண்டார். "போதும் போதும், பெரிய கொத்தனார் நீ!" சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் இப்படித்தான், எழுத்துக் கட்டைகளை அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை சேர்க்கிற ஸ்கிராபிள் பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

மற்ற நாட்களில் அக்காவுக்குப் பல் ஆஸ்பத்திரியின் பின்னறைதான் உலகம். மெழுகில் பொய்ப்பற்களைப் பதிப்பது வேலை. ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஊதி வைத்து, பிடிக்காமல் பிடுங்கி மறுபடி வைப்பார். எழுத்துக் கட்டைகளுக்கும் அதே மரியாதை. தலைமுடியில் எப்போதும் வெள்ளைத் தூள். "நரை இல்லை, பிளாஸ்டர்" என்பார். பாதி பொய்.

அக்கா புதுப்பெண்ணாக வந்தபோது நாத்தனார் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். வாயில் நுழையாத இரண்டெழுத்து, மூன்றெழுத்து இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்து, "அதெல்லாம் டிக்‌ஷனரில இருக்கு அண்ணி" என்று ஜெயித்துக்கொண்டே இருந்தார். பொறுத்துப் பார்த்த அக்கா ஒருநாள் வெடித்துவிட்டார். "டிக்‌ஷனரில இருந்தா எனக்கென்ன? உன் மண்டையில இருக்கா?" அன்று போட்ட சட்டம், அர்த்தம் தெரியாத வார்த்தை செல்லாது. அப்புறமென்ன, இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு டிக்‌ஷனரியை மேய ஆரம்பித்தார்கள்.

சட்டம் போட்டவரே ஒருநாள் 'ஜோ' வைத்து மாட்டிக்கொண்டார். ஸ்காட்லாந்துப் பக்கம் காதலியை அப்படிச் சொல்வார்களாம். சோபாவில் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, அதை எப்படிச் சொல்வது? நாத்தனார் விட்டால்தானே! "சத்தமா அண்ணி, காது கேக்கலை!" முகம் சிவக்கச் சொல்லி முடித்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஜோ, ஒரு டீ கிடைக்குமா?" என்று குரல் வந்தது. போய்ச் சேரும்வரை அந்த மனுஷன் மனைவியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அவர் உட்கார்ந்து உட்கார்ந்து சோபாவில் விழுந்த பள்ளத்துக்குப் பெயர் 'கூம்'. மலைச்சரிவில் குடைந்தாற்போல் கிடக்கும் பள்ளம் என்று அர்த்தம். நாத்தனார் தேடிப் பிடித்த வார்த்தை. விருந்தாளி யாராவது அங்கே உட்காரப் போனால், "ஐயோ, கூம்ல வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். அதைச் சொல்லிச் சிரிக்க இப்போது உலகத்தில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

அதில் நாத்தனார் இன்று கிளம்புகிறார். மகளோடு போய் இருக்கப் போகிறார். சாயங்காலம் விமானம், பெட்டிகள் வாசலில்.

"போன்லயே ஆடலாம் அண்ணி. என் பொண்ணு சொல்லித் தரேன்னா."

"அது அர்த்தம் கேக்குமா?"

"எங்க கேக்குது? சரியா தப்பான்னு மட்டும் சொல்லும்."

"அப்ப அதுகூட எனக்கென்ன பேச்சு!" அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் போன்மேல் இல்லை. அடுத்த சனிக்கிழமைமேல்தான். நாத்தனாரின் சிரிப்பு இல்லாமல் இந்த வீட்டில் மத்தியானம் எப்படித்தான் கழியும்?

பையில் கட்டைகள் தீர்ந்துவிட்டன. அக்காவிடம் மிச்சம் இரண்டே எழுத்து, கியூவும் ஐயும். சேர்த்தால், சீனர்கள் உயிர்மூச்சுக்குச் சொல்லும் வார்த்தை. பலகையின் ஓரத்தில் அதற்கென்றே விட்டுவைத்ததுபோல் இடம். வைத்தால் ஜெயம் அக்காவுக்கு. ஆட்டமும் அத்தோடு முடிந்துவிடும். வாசலில் டாக்சி வந்து ஹார்ன் அடித்தது.

"அண்ணி, உங்க முறை. சீக்கிரம்."

அக்கா பலகையைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலை. நீயே வை" என்று இரண்டு கட்டைகளையும் குப்புறக் கவிழ்த்து, மேலே உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.