படகுக் கடதாசியை உரித்த கிழமை

குளியலறைக் கைபிடி சுவரோடு கழன்று வந்த அன்று றெஜினோல்ட் விழவில்லை. பின்னால் நின்ற செசீலியா இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டாள். ஆனாலும் புருசனும் பெண்சாதியும் தரையில் சறுக்கி உட்கார்ந்தார்கள். கைபிடி இருந்த இடத்தில் கை நுழைகிற அளவு பொந்து. அதற்குள்ளிருந்து ஈரச் சாந்து பொலபொலவென்று கொட்டியது. சுவரைச் சுற்றிவர ஒட்டியிருந்த, நீலப் படகுகள் அச்சிட்ட கடதாசி மட்டும் ஒன்றும் நடவாததுபோல இருந்தது.

அவருக்குப் பாரிசவாதம் வந்து பதினொரு மாதம். சுவிஸில் எம்மன்புரூக்கே உருக்காலையில் இருபத்தாறு வருடம் நின்று உழைத்த மனுசனை இப்போது ஒவ்வொரு காலையும் அவள்தான் குளிப்பாட்டினாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஈரத்துணி தூக்கிப் பழகிய கைகள். பாரம் அவளுக்குப் பெரிதில்லை. அவருக்குத்தான் அது பெரிது. தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

பெர்னில் இருக்கும் மகள் அஞ்சலின் போனில் பதறினாள். "அம்மா, நீங்கள் ஒண்டிலயும் கைவைக்காதேங்கோ. அந்தப் பழங்கடதாசியையும் கழட்டி எல்லாத்தையும் புதுசாச் செய்விப்பம். ஆக்கள் மூண்டு கிழமையில வருவினம்."

"மூண்டு கிழமை அப்பா குளிக்காமல் இருக்கிறதோ?" என்றாள் செசீலியா.

அடுத்த சனிக்கிழமையே கடையில் சுரண்டுகிற தகடும், சாந்துப் பையும், மூக்குக்கு மாஸ்க்கும் வாங்கி வந்தாள். கடைக்காரப் பெண் ஜெர்மனில் சொன்னது பாதிதான் விளங்கியது. விளங்காததைத் திரும்பக் கேட்டாள், வெட்கப்படவில்லை. றெஜினோல்ட்டை நாற்காலியோடு குளியலறை வாசலில் இருத்தி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

கடதாசியின் மேல்தோல் காய்ந்தபடியே பாய்போலச் சுருண்டு வந்தது. அடியில் ஒட்டியிருந்த தாள்தான் மல்லுக்கு நின்றது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்பு கலந்து நனைத்து, ஊறவிட்டு, சுரண்டினாள். மூலைக்கு வந்ததும் கை நின்றது. அங்கே ஒரு படகின் பாய்மரம் மேலேயும் அடிப்பாகம் ஒரு சாண் கீழேயும் கிடந்தது.

இந்த வீட்டை வாங்கிய கோடையில் ஒட்டிய கடதாசி அது. ஏணியில் அவர், பசைவாளியோடு கீழே அவள். "படகு பொருந்தேல்லை, இஞ்சருங்கோ" என்று அவள் சொல்ல, "மன்னார்க் கடல்ல எல்லாப் படகும் வரிசையிலயோ போகுது?" என்று அவர் சிரித்தார். அவள் கோபித்துக்கொண்டு பசைவாளியை வைத்துவிட்டுப் போனாள். பிறகு அஞ்சலின் அந்தப் படகுகளைப் பார்த்துத்தான் எண்ணப் பழகினாள். தமிழில் இருபதும் ஜெர்மனில் இருபதும். உடைந்த படகை அரைப்படகு என்று தனியாக எண்ணுவாள். குளியலறைக்குள் போன பிள்ளை வெளியே வர அரைமணி எடுக்கும். வேலைக்குப் போக நிற்கும் அவர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

"வரிசையிலயோ போகுது..." என்று வாசலில் இருந்து மெதுவாகச் சொன்னார் றெஜினோல்ட். அவரும் அதே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைகழுவும் தொட்டிக்கு மேலே அடியிலிருந்த தாள் வழுகி விழுந்தபோது, வெறுஞ்சுவரில் பென்சில் கோடு ஒன்று தெரிந்தது. பக்கத்தில் அவருடைய சரிந்த எழுத்து: 'செசி கண்'.

அவள் கோட்டுக்கு நேரே போய் நின்றாள். அவளுடைய கண்மட்டம்தான், கண்ணாடி தொங்கிய இடமும் அதுவே. கண்ணாடி அவ்வளவு தாழப் பதிவாக இருந்ததற்கு எத்தனை தரம் அவரை ஏசியிருப்பாள்! ஆறடி மனுசன் தினமும் முதுகை வளைத்துச் சவரம் செய்வார். உயர்த்திக் கொழுவச் சொன்னால், "துளை போட்டாச்சு, இனி என்ன செய்யிறது" என்று மழுப்புவார்.

"எப்ப அளந்தனீங்கள்?"

"நீ... பல்லு விளக்கேக்க."

செசீலியா குளியல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்தது. மாஸ்க்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தாள். கோடு இருந்த இடமும் உள்ளே வெறுமையாகத்தான் ஒலித்தது. ஈரம் அதுவரைக்கும் ஏறியிருந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடி," என்றார்.

அடித்தாள். 'செசி கண்' இரண்டாக உடைந்து வாளிக்குள் விழுந்தது.

உளுத்ததையெல்லாம் கொத்தி, தூசி தட்டி, சாந்தை இரண்டு தரமாகப் பூசினாள். முதல் பூச்சு அலைஅலையாக வந்தது, இரண்டாவது பரவாயில்லை. அது காய்ந்த நாட்களில் அவரைக் குசினியில் இருத்தி ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கைபிடிக்குத் துளை போட்ட அன்று மெஷினை அவள் பிடித்தாள், சொல்லிக்கொடுத்தது அவர். "சிவப்புத் தூள் வருமட்டும்... விடாதை." வெள்ளைத் தூள் கொட்டிக் கொட்டிக் கடைசியில் செங்கல் தூள் வந்தபோது நல்ல கையை உயர்த்தினார். பூட்டி முடித்ததும் அவள் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வந்த அஞ்சலின் குளியலறைக் கதவைத் திறந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். "ஐயோ அம்மா, ஒரு படகைக்கூட விடேல்லையோ?"

"நீதானே கழட்டச் சொன்னனி."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, குப்பைப் பையின் மேலேயே ஒரு துண்டு கிடந்தது. அதை நனையாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

திங்கள் காலை றெஜினோல்ட் கைபிடியைப் பற்றித் தானே எழுந்து நின்றார். கால் நடுங்கியது, பிறகு நின்றது. செசீலியா வழமைபோல உள்ளே வர, நல்ல கையால் மெதுவாகத் தடுத்தார்.

"நீ போ. கதவைச் சாத்து."

அவள் சாத்தினாள். போகவில்லை, கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"செசி, போ எண்டனான். தேத்தண்ணியைப் போடு."

"ஓம், போறன்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்கு நடந்தாள்.